குழந்தைகளின் நடைக்கு ஏற்ப

பாஸ்கா காலம், மூன்றாம் ஞாயிறு
நற்செய்தி: லூக்கா 24:13-35
சிந்தனைக்குத் துணையாக: தொடக்கநூல் 33:12-14



எருசலேமிலிருந்து எம்மாவுக்கு ஏறத்தாழ 11 கிலோமீட்டர். மனம் உடைந்த சீடர் இருவர் அந்த வழியில் நடந்துபோகிறார்கள். உயிர்த்த ஆண்டவர் அவர்களை நெருங்கி வருகிறார், கூடவே நடக்கிறார். இந்த நற்செய்தியை நாம் பலமுறை கேட்டிருக்கிறோம். அந்த நடை எவ்வளவு மெதுவாக இருந்திருக்கும் என்று எப்போதாவது யோசித்திருக்கிறோமா? துக்கத்தில் இருப்பவர்கள் விரைந்து நடப்பதில்லை. பேசிக்கொண்டே போகிறவர்களும் அப்படித்தான். ஆண்டவர் ஒரு கேள்வி கேட்டதும் இருவரும் வாடிய முகத்தோடு நின்றேவிட்டார்கள் என்று லூக்கா எழுதுகிறார். அவர்கள் நின்றபோது அவரும் நின்றார். அவர்கள் நடந்தபோது அவரும் நடந்தார்.

அன்று மாலை அப்பத்தைப் பிட்டுக் கொடுத்த அந்தக் கணத்திலேயே அவர்கள் கண்ணிலிருந்து மறைந்துபோனவர் அவர். சாவையே வென்று எழுந்தவருக்கு தூரம் ஒரு பொருட்டா? ஆனாலும் அந்தப் பாதையை அவர்களுடைய காலடிக்கு ஏற்றபடி நடந்தே கடந்தார். வல்லவர் தம் வேகத்தைக் குறைத்துக்கொண்டார், தளர்ந்தவர்களோடு சேர்ந்து போவதற்காக. நம்முடைய மீட்பின் கதையே இதுதான்.

இன்று இந்த நற்செய்தியை உங்கள் வீட்டு வாசலுக்கு வெளியே இருக்கும் பாதைக்கு எடுத்துக்கொண்டு போக விரும்புகிறேன். நீங்கள் காலையில் நடக்கும், மாலையில் ஓடும், விடுமுறை நாளில் பிள்ளைகளோடு சைக்கிள் ஓட்டும் அதே பாதையைத்தான் சொல்கிறேன்.

நம் சிங்கப்பூருக்குக் கிடைத்திருக்கும் பெரிய கொடைகளில் ஒன்று இந்தப் பாதைகள். பூங்காவையும் பூங்காவையும் இணைத்து, கால்வாய் ஓரமாகவும் வீடமைப்பு வளர்ச்சிக் கழக வீடுகளுக்கு இடையிலும் முந்நூறு கிலோமீட்டருக்கும் மேலாக பூங்கா இணைப்புப் பாதைகள் போட்டிருக்கிறார்கள். தீவின் வடக்கையும் தெற்கையும் இணைக்கும் பழைய ரயில் பாதை 24 கிலோமீட்டர். 2011 ஜூன் 30 வரை அதில் மலேசிய ரயில்கள் ஓடின. மலாயா ரயில்வேயில் உழைத்தவர்களில் தமிழர்கள் ஏராளம் என்பது உங்களுக்குத் தெரியும். தண்டவாளம் போன இடத்தில் இன்று மண் பாதை. இருபுறமும் மரங்கள், பறவைகள். காசு கேட்காத இடம். பணக்காரரும் ஏழையும், முதலாளியும் கட்டுமான ஊழியரும், பிறந்து சில மாதமே ஆன குழந்தையும் எண்பது வயதுப் பாட்டியும் ஒரே பாதையில் போகிறார்கள். இப்படி எல்லாரும் தோளோடு தோள் போகும் இடங்கள் ஒரு நகரத்தில் அதிகம் கிடையாது.

ஆனால் பாதை ஒன்று, வேகம் பல. சிக்கல் அங்கேதான் தொடங்குகிறது.

ஈஸ்ட் கோஸ்ட் பூங்காவில் ஒரு சனிக்கிழமை மாலையை நினைத்துப் பாருங்கள். வாடகை சைக்கிளில் குடும்பங்கள். பின்சக்கரத்தின் இருபக்கமும் சிறு சக்கரம் பூட்டிய சைக்கிளில் ஒரு சிறுமி வளைந்து வளைந்து போகிறாள். அவளைப் பிடிக்க, பாதையின் ஓரமாகப் பாட்டி விரைந்து நடக்கிறார். பின்னாலிருந்து ஐந்தாறு பேர் வரிசையாக, குனிந்த முதுகோடு, பந்தய சைக்கிளில் வருகிறார்கள். முன்னால் வருபவர் “ரைட்! ரைட்!” என்று கத்துகிறார். பாட்டிக்கு அது என்ன கட்டளை என்று புரியவில்லை. குரல் வந்த பக்கம் திரும்புகிறார். முகம் திரும்பும் பக்கம் காலும் போகும், மனித உடல் அப்படித்தான். ஓரமாக இருந்தவர் பாதையின் நடுவுக்கு வந்துவிடுகிறார். பிரேக் கிறீச்சிடுகிறது. யாருக்கும் அடிபடவில்லை. ஆனால் கடந்துபோகிற ஒவ்வொருவரும் ஒரு சொல்லை எறிந்துவிட்டுப் போகிறார்கள். சிறுமி அழத் தொடங்குகிறாள். பாட்டி கையெடுத்து மன்னிப்புக் கேட்கிறார், தாம் செய்யாத குற்றத்துக்காக.

சகோதரர்களே, அந்தப் பாட்டி அடுத்த சனிக்கிழமை பூங்காவுக்கு வருவாரா? வரமாட்டார் என்றால், எல்லாருக்கும் சொந்தமான ஓர் இடத்திலிருந்து வயதான ஒருவர் விரட்டப்பட்டிருக்கிறார். காயம் இல்லை, வழக்கு இல்லை, செய்தித்தாளில் வரி இல்லை. ஆனாலும் அது அநீதி.

இந்த இடத்தில் தொடக்கநூலின் 33ஆம் அதிகாரத்துக்கு உங்களை அழைக்கிறேன். இருபது ஆண்டுப் பிரிவுக்குப் பிறகு யாக்கோபும் ஏசாவும் சந்திக்கிறார்கள். ஏசாவோடு நானூறு ஆள்கள். யாக்கோபோடு மனைவியர், சின்னஞ்சிறு பிள்ளைகள், பால் கொடுக்கும் ஆடு மாடுகள். அண்ணன் தம்பியைத் தழுவி, முத்தமிட்டு, இருவரும் அழுத பிறகு, “வா, சேர்ந்தே போகலாம்” என்று ஏசா அழைக்கிறார். யாக்கோபு சொன்ன மறுமொழியின் பொருள் இது: பிள்ளைகள் மெலிந்தவர்கள், கறவைகளையும் நான் பார்க்க வேண்டும்; ஒரே ஒரு நாள் விரட்டி ஓட்டினாலும் மந்தை மொத்தமும் செத்துவிடும்; நீங்கள் முன்னே போங்கள், நான் இவர்களின் நடைக்கு ஏற்ப மெதுவாக வருகிறேன்.

இதில் இரண்டு பேரையும் கவனியுங்கள். யாக்கோபு முந்தின இரவு பெனியேலில் ஆண்டவரோடு போராடி, தொடைச் சந்து பிசகி நொண்டிக்கொண்டு வந்தவர். தம் வலியை அறிந்தவர் என்பதால்தானோ என்னவோ, பிள்ளைகளின் காலைப் பார்க்க அவருக்குத் தெரிந்தது. ஒரு பயணத்தின் வேகம் எதைக் கொண்டு முடிவாக வேண்டும் என்பதற்கு இங்கே ஓர் அளவுகோல் இருக்கிறது: கூட்டத்தில் யாருடைய கால் மிகவும் சிறியதோ அந்தக் கால்.

ஏசாவையும் பாருங்கள். அவர் பக்கம் பலம் இருந்தது, ஆள் இருந்தது, பழைய கோபத்துக்குக் காரணமும் இருந்தது. “உன் பிள்ளைகள் ஏன் என் வழியில் நிற்கின்றன?” என்று அவர் கேட்கவில்லை. துணைக்குச் சில ஆள்களை விட்டுப்போகட்டுமா என்று கேட்டார். வேண்டாம் என்றதும் அமைதியாகத் தம் வழியே போனார். விரைந்து போக வேண்டியவர் போகலாம், தவறில்லை. எப்படிப் போகிறார் என்பதில்தான் அவருடைய மனம் தெரிகிறது.

நம் நாட்டில் சட்டம் இருக்கிறது. சைக்கிளுக்கும் நடைக்கும் பொதுவான பாதைகளில் உச்ச வேகம் மணிக்கு 25 கிலோமீட்டர், நடைபாதைகளில் 10 கிலோமீட்டர். நடைபாதை வரம்பு முன்பு 15 ஆக இருந்து 2019 பிப்ரவரியில்தான் 10 ஆகக் குறைந்தது. அதே ஆண்டு செப்டம்பரில் பிடோக்கில் சைக்கிளில் சென்ற மூத்த பெண் ஒருவர் மின்ஸ்கூட்டருடன் மோதி உயிரிழந்தார். நாடே அதிர்ந்தது. நவம்பர் 5 முதல் நடைபாதைகளில் மின்ஸ்கூட்டர் ஓட்டத் தடை வந்தது. ஓர் உயிர் போன பிறகுதான் பலருக்கு வேகம் என்றால் என்ன என்று உறைத்தது.

மணிக்கு 25 கிலோமீட்டரில் சைக்கிள் ஒரு விநாடியில் ஏழு மீட்டர் போய்விடுகிறது. ஒரு குழந்தை பந்தைத் துரத்திப் பாதைக்குள் ஓடிவர ஒரு விநாடி போதும். 10 கிலோமீட்டரில் போகும் சைக்கிளைவிட 25 கிலோமீட்டரில் போகும் அதே சைக்கிள் ஆறு மடங்குக்கு மேற்பட்ட ஆற்றலோடு வந்து மோதும். ஆகவே “நான் சட்டத்துக்கு உட்பட்டுத்தான் ஓட்டினேன்” என்பது கிறிஸ்தவனுக்குப் போதுமான பதில் ஆகாது. சட்டம் இதற்கு மேல் போகாதே என்று ஓர் எல்லையைச் சொல்லும். இந்த நிமிடத்தில், இந்தக் குழந்தைக்கு அருகில், இந்தத் தளர்ந்த மனிதருக்குப் பின்னால் எவ்வளவு வேகம் தகும் என்பதை அன்புதான் சொல்ல வேண்டும்.

இதைத் திருச்சபை வெறும் நாகரிகமாகக் கருதவில்லை. கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி, கொலை செய்யாதே என்னும் கட்டளையை விளக்கும் பகுதியில், 2290ஆம் எண்ணில், குடிபோதையாலோ வேக மோகத்தாலோ தன் உயிருக்கும் பிறர் உயிருக்கும் ஆபத்து உண்டாக்குவது கனமான குற்றம் என்று போதிக்கிறது. 2007இல் வத்திக்கான் வெளியிட்ட சாலைகளுக்கான மேய்ப்புப்பணி வழிகாட்டியில் பயணிகளுக்குப் பத்துக் கட்டளைகள்கூட உண்டு. பணிவன்பும் நேர்மையும் முன்மதியும், பலவீனமானவரைப் பாதுகாக்கும் கடமையும் அவற்றில் இடம்பெற்றிருக்கின்றன. மலைப்பொழிவில் ஆண்டவர் இன்னும் ஆழமாகப் போகிறார். சகோதரனிடம் சினம் கொள்வதையும், அவனை முட்டாள் என்று இழிப்பதையும் கொலையோடு ஒரே மூச்சில் வைத்துப் பேசுகிறார் (மத்தேயு 5:21-22). பாதையில் நாம் எறிந்துவிட்டுப் போகும் அந்த ஒரு சொல், அது எந்த மொழியில் இருந்தாலும், ஆண்டவருடைய காதில் விழுந்துவிட்டது.

இந்தக் கோபம் எங்கிருந்து வருகிறது? சைக்கிள் ஓட்டுகிறவர்களை நான் நியாயமாகப் பார்க்க விரும்புகிறேன். சொந்தக் காலின் உழைப்பால் சேர்த்த வேகத்தை ஒவ்வொரு தடவை விடும்போதும் உடம்புக்கு வலிக்கும். காரில் பிரேக் பிடிப்பதுபோல் அது சுலபமல்ல. மயிரிழையில் மோதாமல் தப்பினால் நெஞ்சு படபடக்கும். அந்தப் பயம் அடுத்த நொடியில் வசையாக மாறும். செயலியில் ஓடும் கடிகாரம் ஒரு பக்கம். நேற்றைய நேரத்தை இன்று முறியடிக்க வேண்டும், பட்டியலில் நம் பெயர் மேலே வர வேண்டும் என்ற ஆசை. தவறாமல் உடற்பயிற்சி செய்வது நல்லது, உடல் ஆண்டவர் தந்தது. ஆனால் பொதுப் பாதையில் பந்தயம் ஓடினால் எதிரே வரும் மனிதர்கள் எல்லாரும் தடைக்கற்களாகத் தெரிவார்கள். சக மனிதன் தடையாகத் தெரியத் தொடங்குவது ஆன்மாவுக்கு ஆபத்தான நிலை.

இன்னொரு காரணமும் உண்டு. பெருஞ்சாலையில் லாரியும் பேருந்தும் உரசிக்கொண்டு போகும்போது சைக்கிளோட்டி நடுங்குகிறார். 1.5 மீட்டர் இடைவெளி விட்டுக் கடந்துபோங்கள் என்று வாகன ஓட்டிகளிடம் கேட்கிறார். நியாயமான வேண்டுகோள். ஆனால் பூங்காப் பாதைக்குள் நுழைந்ததும் அதே மனிதர் ஒரு முதியவரின் முழங்கையை உரசிக்கொண்டு பறக்கிறார். ஆண்டவர் சொன்ன உவமையை நினைத்துக்கொள்ளுங்கள் (மத்தேயு 18:23-35). பத்தாயிரம் தாலந்து கடனுக்கு மன்னிப்புப் பெற்றவன் வெளியே வந்ததும், நூறு தெனாரியம் தர வேண்டியவனின் கழுத்தை நெரித்தான். சாலையில் நமக்குக் கிடைக்க வேண்டும் என்று ஏங்கும் இரக்கத்தைப் பாதையில் நாம் பிறருக்குக் கொடுக்கிறோமா?

இந்த இரக்கத்துக்கு ஒரு சான்று சொல்கிறேன். இத்தாலியில் கோமோ ஏரிக்கு மேலே ஒரு மலையுச்சியில் கிசல்லோ அன்னையின் சிற்றாலயம் இருக்கிறது. 1949இல் திருத்தந்தை பன்னிரண்டாம் பயஸ் அந்த அன்னையை சைக்கிளோட்டிகளின் பாதுகாவலியாக அறிவித்தார். உள்ளே சுவர்களில் புகழ்பெற்ற வீரர்களின் சைக்கிள்கள் மாட்டப்பட்டிருக்கின்றன. அவற்றுக்கு நடுவே ஃபாபியோ காசார்தெல்லியின் நொறுங்கிய சைக்கிளும் உண்டு. 1992 ஒலிம்பிக்கில் தங்கம் வென்ற இளைஞர் அவர். 1995 ஜூலையில் டூர் தெ பிரான்ஸ் போட்டியில் பிரெனே மலையிறக்கத்தில் விழுந்து உயிர்விட்டார். அடுத்த கட்டப் போட்டியில் யாரும் யாரையும் முந்தவில்லை. உலகின் மிக வேகமான சைக்கிளோட்டிகள் அன்று முழுவதும் மெதுவாக ஓட்டி, இறந்தவரின் அணித்தோழர்கள் முதலில் எல்லைக்கோட்டைக் கடக்க வழிவிட்டார்கள். பரிசும் புகழும் காத்திருந்த நாளில் அவர்கள் சகோதரனுக்காக வேகத்தை விட்டுக்கொடுத்தார்கள். பந்தயமே தொழிலாகக் கொண்டவர்களுக்கு அது முடிந்தது என்றால், மாலைக் காற்று வாங்க சைக்கிளை எடுக்கும் நமக்கு முடியாதா? இறந்தவருக்குச் செய்த அந்த மரியாதையை உயிரோடு நம் முன்னால் நடக்கிறவருக்கு நாம் செய்யலாமே.

நம் பாதைகளில் இப்படிப்பட்ட அன்பு இல்லாமல் இல்லை. சாலைக்கு அடியில் போகும் சுரங்கப் பாதை ஒன்றின் வாயில். இறங்கித் தள்ளிக்கொண்டு போகும்படி அங்கே பலகை இருக்கிறது; பலர் அதைப் பார்ப்பதில்லை. உணவு விநியோகிக்கும் இளைஞர் ஒருவர், முதுகில் பெரிய பை, கைப்பேசியில் அடுத்த ஆர்டரின் ஒலி. உள்ளேயிருந்து தள்ளுவண்டியில் குழந்தையோடு ஒரு தாய் வருகிறார். இளைஞர் தூரத்திலேயே மிதிப்பதை நிறுத்துகிறார். பின்சக்கரம் டிக்டிக் என்று ஓசை எழுப்ப, தாய் நிமிர்ந்து பார்க்கிறார். இளைஞர் இறங்கி, சைக்கிளைச் சுவரோரம் ஒதுக்கி, கையால் “நீங்க போங்க அக்கா” என்று காட்டுகிறார். அந்த இளைஞருக்கு ஒவ்வொரு நிமிடமும் கூலி. தம் வருமானத்தில் அரை நிமிடத்தை எடுத்து முன்பின் தெரியாத ஒரு தாய்க்குக் காணிக்கையாக்கிவிட்டுப் போகிறார். காணிக்கைப் பெட்டியில் விழாத இந்தக் காணிக்கையும் ஆண்டவருக்குத் தெரியும்.

அந்த இளைஞரைச் சொன்னதால் இதையும் சொல்லிவிடுகிறேன். பாதையில் பலவீனமானவர் எப்போதும் நடந்து போகிறவர் மட்டும்தான் என்று எண்ண வேண்டாம். உணவு கொண்டுவருகிறவர்கள், ஞாயிற்றுக்கிழமை தங்குவிடுதியிலிருந்து பழைய சைக்கிளில் வெளியே வரும் நம் ஊர்த் தம்பிகள், இவர்களும் எளியவர்கள். அவர்கள் தவறு செய்தால் கைப்பேசியில் படம் பிடித்து ஊருக்கெல்லாம் அனுப்பி அவமானப்படுத்துவது கிறிஸ்தவச் செயலாகாது. சகோதரன் குற்றம் செய்தால் முதலில் தனியே போய் அவனிடம் பேசச் சொன்னார் ஆண்டவர் (மத்தேயு 18:15).

நடப்பவர்களுக்கும் கடமை உண்டு. நான்கு பேர் கைகோத்து முழுப் பாதையையும் அடைத்துக்கொண்டு போவது, இரண்டு காதையும் அடைத்துக்கொண்டு மணியோசை கேளாமல் நடப்பது, நாயின் கயிற்றைப் பாதைக்குக் குறுக்கே நீளவிடுவது, சைக்கிளுக்கென்றே ஒதுக்கிய தடத்தில் நின்று கதை பேசுவது, இவையும் பிறரை மறப்பதுதான். தன் நலத்தை மட்டும் பாராமல் பிறர் நலத்தையும் பார்க்க வேண்டும் என்று பிலிப்பியருக்குப் பவுல் எழுதியது (2:4) சக்கரத்தில் போகிறவருக்கும் காலில் போகிறவருக்கும் பொது. யார்மீது தவறு என்று கணக்குப் பார்க்கத் தொடங்கினால் இரு பக்கமும் நீளும். ஆனால் மோதினால் விழுகிறவர் யார், எலும்பு முறிகிறவர் யார் என்று பாருங்கள். வேகமும் எடையும் யாரிடம் அதிகமோ அவரிடம்தான் பொறுப்பும் அதிகம்.

இந்த வாரம் செய்யக்கூடிய சிலவற்றைச் சொல்கிறேன். சைக்கிளில் போகிறவர்கள், முன்னால் ஆள் தெரிந்ததும் முதலில் வேகத்தைக் குறையுங்கள். பிறகு மணி அடியுங்கள். பக்கத்தில் வந்து அடித்தால் அது அதட்டல், தூரத்திலிருந்து ஒரு தடவை மெல்ல அடித்தால் அது வணக்கம். இடப்பக்கமாகவே போய், வலப்பக்கத்தில் போதிய இடம் இருந்தால் மட்டும் கடந்து போங்கள். கடக்கும்போது ஒரு “நன்றி” சொல்லுங்கள். குழந்தை, முதியவர், சக்கர நாற்காலி, கூட்டம் இவற்றில் எது எதிர்ப்பட்டாலும் காலைத் தரையில் ஊன்றத் தயாராக இருங்கள். குழுவாக ஓட்டுகிறவர்கள், உங்கள் குழுவில் கத்துகிறவர் யார் என்று உங்களுக்குத் தெரியும். அவரிடம் அன்பாகப் பேச வேண்டியது நீங்கள்தான். பந்தய வேகம் வேண்டுமானால் அதற்கு இடமும் நேரமும் வேறு. பெற்றோரே, பிள்ளைக்கு சைக்கிள் ஓட்டக் கற்றுக்கொடுக்கும் அதே நாளில் வழிவிடவும் கற்றுக்கொடுங்கள். நடக்கிறவர்களே, யாராவது பொறுமையாகக் காத்திருந்து கடந்தால் தலையசைத்துப் புன்னகை செய்யுங்கள். தவறி மோதிவிட்டால் ஓடிப்போகாதீர்கள். நின்று, தூக்கிவிட்டு, காயத்தைப் பாருங்கள். நல்ல சமாரியர் உவமையில், எரிகோ போகும் சாலையில் விலகிப் போனவர்கள் இருவர், நின்றவர் ஒருவர். நற்செய்தி நின்றவரைத்தான் நமக்கு முன்மாதிரியாகக் காட்டுகிறது.

அடுத்த முறை ஒப்புரவு அருட்சாதனத்துக்கு வரும்போது உங்கள் ஆன்ம சோதனையில் இந்தப் பாதையையும் சேர்த்துக்கொள்ளுங்கள். வீட்டில் எப்படி நடந்தேன், அலுவலகத்தில் எப்படி நடந்தேன் என்று கேட்கிறோம். முகம் தெரியாதவரிடம் எப்படி நடந்தேன் என்று கேட்பதில்லை. நம்மைத் தெரியாத, இனி ஒருபோதும் பார்க்கப்போகாத மனிதரிடம் காட்டும் மரியாதைதான் கைம்மாறு எதிர்பாராத அன்பு. பிறருக்கு மதிப்புக் கொடுப்பதில் நாம் ஒருவரையொருவர் முந்த வேண்டும் என்று உரோமையருக்கு எழுதுகிறார் பவுல் (12:10). பாதையில் நமக்கு அனுமதிக்கப்பட்ட போட்டி அது ஒன்றுதான்.

எம்மாவு வழியில் ஆண்டவர் பின்னாலிருந்து வந்து யாரையும் திடுக்கிடச் செய்யவில்லை. நெருங்கினார், கேட்டார், செவிகொடுத்தார், கூட நடந்தார். ஆகவேதான் அவர்கள் அவரை வருந்தி அழைத்துத் தங்களோடு தங்கவைத்தார்கள். சற்று நேரத்தில் இந்தப் பீடத்தில் அவர் நமக்காகவும் அப்பத்தைப் பிடப்போகிறார். அதை வாங்கிய கைகளோடுதான் இன்று மாலை சைக்கிளின் கைப்பிடியைப் பிடிக்கப்போகிறோம். அந்தக் கைகளால் யாரையும் அச்சுறுத்தாதீர்கள். அதை உண்ட வாயால் யாரையும் வையாதீர்கள். மெதுவாகப் போங்கள், வழிவிடுங்கள், வணக்கம் சொல்லுங்கள். கிசல்லோ அன்னை நம் பாதைகளில் போகும் அனைவரையும் காத்தருள்வாராக.

தந்தை, மகன், தூய ஆவியாரின் பெயராலே. ஆமென்.